சீட்டில் விரித்த சட்டை

எங்கள் ஊரில் பெண்கள் டிராக்டர் ஓட்டலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. பின்னால் டிப்பர் மாட்டியிருந்தால் ஓட்டலாம், தண்ணீர் டேங்க் மாட்டியிருந்தால் ஓட்டலாம், தார் ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி அதன்மேல் சுற்றிச் சுற்றியும் ஓட்டலாம். நானே பிறந்த வீட்டில் சின்ன வயதிலேயே கதிர்மேல் ஓட்டிப் பழகியவள்தான். ஆனால் பின்னால் கலப்பையை மாட்டிவிட்டால் பெண் அந்த சீட்டில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மழை வராது. ஐந்து கொழு வைத்த ஐந்து கலப்பைக்கும் இதே சட்டம், ஒன்பது கொழு வைத்த ஒன்பது கலப்பைக்கும் இதே சட்டம். மாடு கட்டி உழுத காலத்தில் யாரோ போட்டது, மாடுகள் போன பிறகும் டீசல் எஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மழைக்கு எங்கள் ஊர்ப் பெண்கள்மேல் அப்படி என்ன கோபமோ தெரியவில்லை.

ஊர், சங்கராபுரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில், மலையை ஒட்டி இருக்கிறது. மலைமேல் பெய்தால் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும். எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை, கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் கழனி, ஒரு பழைய டிராக்டர். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் சித்திரையில் லீவு போட்டு வந்து கோடை உழவை முடித்துவிட்டுப் போவார். விதைப்பு, களை, உரம், அறுவடை, காசுக்கு அலைவது எல்லாம் நான். உழவு மட்டும் அவர். ஊரில் அவரைத்தான் விவசாயி என்று சொல்வார்கள்.

எல்லையில் சண்டை மூண்ட அந்தச் சித்திரையில் அவர் லீவில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காலையில் போன் வந்தது. எல்லோருடைய லீவும் ரத்து, உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் போன பிறகு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு எனக்குக் கொல்லையும் நினைவில்லை, உழவும் நினைவில்லை. அவர் உயிரோடு வந்தால் போதும் என்றிருந்தது. இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதற்கப்புறம் நான் சொல்வதைப் படித்து, புருஷன்மேல் பாசமில்லாதவள் என்று யாராவது நினைப்பார்கள்.

டிவியில் சண்டை சில நாளில் முடிந்துபோனது. ஆனால் அவரை விடவில்லை. சண்டை நின்ற மூன்றாம் நாள் சாயங்காலம் இங்கே நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். ஊரில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். மீதிப் பேர் அடுத்த வாரம் வருகிறேன் என்றார்கள். அடுத்த வாரம் மண் கல்லாகிவிடும். நான் யாரிடமும் கேட்கவில்லை. விடிந்ததும் ஒன்பது கலப்பையை நானே மாட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். நாலு சால் ஓட்டியிருப்பேன், வரப்பில் கூட்டம் கூடிவிட்டது.

அன்றைக்கே மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து. ஊர்ப் பெரியவர் நல்ல மனிதர்தான், சத்தம் போடத் தெரியாதவர். கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அவன் இன்னா ஊர் சுத்தவா போயிருக்கான்? நாட்டக் காப்பாத்தப் போயிருக்கான். அவன் கொல்லய தரிசாப் போட்டா நமக்குத்தான் அசிங்கம். ஒண்ணு பண்ணு பொண்ணு. அவன் மிலிட்டரி சட்ட வூட்ல இருந்தா எடுத்தாந்து சீட்ல விரிச்சிப் போட்டுட்டு ஓட்டு. அவனே ஓட்டுறதா கணக்கு. மழ ஒண்ணும் கோவிச்சிக்காது."

கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சிலர் கை தட்டினார்கள். என் மாமியார் வீட்டுக்கு ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு சட்டையை எடுத்துவந்தார். என் வீட்டுக்காரர் சில வருஷத்துக்கு முன்பு போட்டுக் கழித்த பச்சைச் சட்டை. சாயம் வெளுத்து, காலர் நைந்துபோயிருந்தது. பெரியவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சட்டை போனால் போகிறது, ஈரம் காய்வதற்குள் உழுதால் சரி.

அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ராத்திரியானால் அவரை நினைத்துப் பயந்தேன், பகலில் சந்தோஷமாக இருந்தேன். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தது. கோடை உழவு உழுதேன், ஆடிப்பட்டத்துக்கு உழுது மக்காச்சோளம் போட்டேன், கழனியில் மரவள்ளி நட்டேன். என் கொல்லை முடிந்ததும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் வெளியூரில். சட்டையோடு போனேன், உழுதுகொடுத்தேன். சங்கராபுரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் முன்பெல்லாம், "வூட்ல ஆம்பளைங்க யாராச்சும் வரச் சொல்லும்மா" என்பார். இப்போது "வாங்க மிலிட்டரி வூட்டம்மா, இன்னா வேணும்?" என்று கேட்டார். ஏரித் தண்ணீர் பற்றி ஊர் கூடிப் பேசும்போது எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். இரண்டு தடவை நான் சொன்னபடியே செய்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகினால் தரையில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுந்த பிறகுதான் தெரிகிறது.

எனக்குக் களை எடுக்க வருபவர்களில் ஒருத்தி, என்னைவிட இளையவள். அவள் புருஷன் கருணாபுரத்தில் கூலி வேலைக்குப் போன இடத்தில் விஷச் சாராயம் குடித்துச் செத்துப்போனவன். அரை ஏக்கர் கொல்லை அவளுக்கு. ஆடியில் ஒருநாள் உழுதுகொண்டிருக்கும்போது டிராக்டர் நின்றுவிட்டது. டீசல் பில்டரில் அடைப்பு. நான் குனிந்து கழற்ற, அவள்தான் அடியில் ஒரு டப்பாவைப் பிடித்தாள். நட்டு சட்டென்று கழன்று டீசல் கை முழுவதும் கொட்டியது. துடைக்கத் துணி இல்லை. கைக்கு எட்டியது சீட்டில் கிடந்த சட்டைதான். அதன் கீழ் ஓரத்தை இழுத்து டீசல், கிரீஸ், செம்மண் எல்லாவற்றையும் துடைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கறை பிடித்துக்கொண்டது.

"யக்கா, அண்ணன் சட்ட நாசமாப் போச்சே" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "எனக்கும் ஓட்டக் கத்துக் குடேன். இல்லன்னா என் அர ஏக்கர நீயே ஓட்டிக் குடு."

ஓட்டிக்கொடுத்திருப்பேன். ஆனால் அதற்குள் யாரோ பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் சட்டை சரி, புருஷன் இல்லாதவள் கொல்லையில் பெண் கலப்பை இறக்கினால் என்னவாகும் என்று. மறுபடியும் கோயில் வாசலில் கூட்டம். அவள் ஒரு ஜவுளிக்கடைப் பையில் தன் புருஷனின் சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி போட்டு மடித்திருந்தாள். பெரியவர் அதைத் தொடவில்லை.

"செத்தவன் சட்ட எப்பிடிம்மா ஏர் ஓட்டும்?" என்றார் மெதுவாக. "அதுவும் அவன் செத்த சாவு..."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள். ஏரித் தண்ணீருக்குக் கேட்டவர்கள் இதற்கும் கேட்டிருக்கலாம். ஆனால் இதைக் கிளறப்போய் எனக்குக் கொடுத்ததையும் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். கால் நகத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் பையை மடித்துக்கொண்டு போனாள். அந்த வருஷம் அவள் கொல்லை தரிசாகக் கிடந்தது. அவள் கள்ளக்குறிச்சிக்குச் சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். என் கொல்லைப் பக்கம் அதற்கப்புறம் அவள் வரவில்லை, கூப்பிட எனக்கும் முகமில்லை.

பங்குனியில் அவர் சர்வீஸ் முடிந்து ஒரேயடியாக வந்துவிட்டார். இளைத்திருந்தார். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் சண்டையெல்லாம் ஒண்ணும் பாக்கல. சண்ட நடந்த எடத்துலேந்து ரொம்பத் தொலவு. ஸ்டோர்ல கம்பளி, கூடாரம் எல்லாம் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்." அவருக்கு அது அவமானமாக இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் மனசு நிறைந்துபோனது. கம்பளி பார்த்துக்கொண்டிருந்தாரே, அதனால்தானே முழுசாக வந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் ஆணியில் தொங்கிய டிராக்டர் சாவியை எடுத்தார். "நீ இனிமே அலைய வேணாம். அதான் நான் வந்துட்டேன் இல்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"கழனிய நீங்க பாருங்க. மூணு ஏக்கர் கொல்லய நானே ஓட்டறேங்க" என்றேன்.

சிரித்தார். "ஊர் இன்னா சொல்லும்? சண்டைன்னு உட்டாங்க. இப்போ சண்டதான் இல்லயே."

நான் விடவில்லை. நாலு நாள் கேட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். சித்திரையில் வருஷத்தின் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டும்போது ஊரே கூடியிருக்கும், அங்கே பெரியவரிடம் கேட்கிறேன் என்றார். "இவதான் ஒரு வருஷம் ஓட்டுனா, மழயும் நல்லாத்தான் பேஞ்சிது, இவளே ஓட்டட்டும்னு சொல்றேன், போதுமா?" என்றார். போதும் என்றேன். அந்தப் பேச்சை நம்பிப் பதினைந்து நாள் இருந்தேன்.

பொன்னேர் அன்று கோயில் நிலத்தில் முதல் சால் அவர்தான் ஓட்ட வேண்டும், அதுவும் ராணுவச் சட்டையோடு என்று ஊர் சொல்லிவிட்டது. நல்ல சட்டை அவரிடம் இருந்தது. ஆனால் காலையில் தேடியபோது கைக்கு அகப்பட்டது இந்தப் பழைய சட்டைதான். நான் மூன்று தடவை துவைத்துவைத்திருந்தேன், கறை போகவில்லை. நேரமாகிவிட்டது என்று அதையே மாட்டிக்கொண்டு போனார்.

தலையில் பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். அப்போது பெரியவர் கண்ணில் அந்தக் கறை பட்டது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய குரல் தழுதழுத்தது.

"இது இன்னாபா, சண்டையில பட்டதா?"

சட்டையின் கதை அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்தச் சட்டை எல்லைப் பக்கமே போகவில்லை. சண்டை நடந்தபோது அது எங்கள் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டைகளோடு கிடந்தது. அதை எடுத்துவரச் சொன்னதே இந்தப் பெரியவர்தான். ஒரு வருஷம் அது என் இடுப்புக்கடியில் கிடந்து நைந்ததை எல்லோரும் பார்த்தவர்கள். ஒருவருக்கும் நினைவில்லை. என் மாமியாருக்குக்கூட.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"ஆமாங்க" என்றார்.

பெரியவர் கறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வரிசையாக வந்து எல்லோரும் ஒற்றிக்கொண்டார்கள். மாமியார் அழுதுகொண்டே ஒற்றிக்கொண்டார். அதற்குமேல் என் வீட்டுக்காரரால் எனக்காக எப்படிக் கேட்க முடியும்? இவள்தான் ஓட்டினாள் என்று வாயைத் திறந்தால் கறை எங்கிருந்து வந்தது என்பதும் வெளியே வந்துவிடும். கம்பளி பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு கறை தேவைப்பட்டது. அது எனக்குப் புரிந்தது, புரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

பக்கத்தில் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். அவள்தான். அன்றைக்குச் சித்தாள் வேலைக்குப் போகாமல் பொன்னேர் பார்க்க வந்திருந்தாள்.

"டீசல்தான யக்கா அது? நான்தான டப்பா புடிச்சேன்."

நான் தட்டில் கற்பூரத்தை ஏற்றினேன்.

"சொல்லேன் யக்கா. நீ சொன்னா நானும் சொல்றேன்."

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் டிராக்டரில் ஏறி முதல் சால் ஓட்டினார். கோணலாகப் போனது. பெண்கள் எல்லோரும் குலவை இட்டார்கள், நானும் இட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "தொவைக்காத, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். அடுத்த வாரம் சங்கராபுரத்தில் பிரேம் போட்டு வாங்கிவந்து கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டினார். கறை தெரியும்படி சட்டையின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். கொல்லையை அவர் ஓட்டுகிறார், நான் சோறு கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை.