முப்பத்தெட்டு கிராம் பிடிவாதம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்மணிக்கு வேலை மாறுதல் வந்தது. போகும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு குள்ள ஹாம்ஸ்டர்கள், எலி இனத்துச் செல்லப் பிராணிகள். ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அவரிடம் ஒரு வாரம் கெஞ்சி வாங்கியவை. ஒரு நிபந்தனை உண்டு. தீபாவளிக்குள் எங்கள் கையில் பழகவில்லை என்றால், மதுரையில் இருக்கும் அந்தப் பெண்மணியின் தோழி வந்து எடுத்துக்கொள்வார்.

என் கணவர் போடிமெட்டுக்குத் தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "எலி பிடிக்கக் கூண்டு கேட்டா வாங்கித் தர்றேன். இங்க எலிக்கு வீடு கட்டி, சூரியகாந்தி விதை வேற! நல்ல சோலிதான் ஆத்தா உனக்கு."

நான் எதையும் முறையாகச் செய்கிறவள். மாடி வீட்டுப் பெண்மணி சொன்னதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாள் தொடக்கூடாது. பிறகு தினமும் மாலையில் கையைப் பெட்டிக்குள் அசையாமல் வைக்க வேண்டும். உள்ளங்கையில் நாலு விதை. அதுவாக ஏறும் வரை பிடிக்கக்கூடாது. வாசனை சோப்பு கூடாது.

நான்காம் நாள் மாலை சோப்பே போடாமல் கையைக் கழுவி உள்ளே வைத்தேன். சாம்பல் வந்தது, முகர்ந்தது, மோதிர விரலில் கடித்தது. மறுநாள் வெள்ளை, ஆள்காட்டி விரலில். அடுத்த வாரம் இரண்டும் வரவே இல்லை. என் கையைக் கண்டதும் எதிர் மூலையில் போய் முதுகைக் காட்டின. ஒரு மாதம் இதே கதை. விடிய விடியப் பெட்டிக்குள் இருந்த சக்கரத்தில் ஓடி வீட்டையே தூங்கவிடாத பிராணிகள், நான் போனால் மட்டும் செத்ததுபோல் கிடந்தன.

மகள் கையை வைத்தாலும் சரிப்படவில்லை. "யம்மா, நீ பயமுறுத்தி வச்சிருக்க. அதான் எங்கிட்டயும் வரல," என்றாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சோறு போட்டுத் தண்ணீர் வைத்துப் பெட்டியைத் துடைப்பது யார்? காகிதத் துண்டுகள் குத்துமே என்று, மெத்தென்ற பழைய பருத்தித் துணியைத் துவைத்து, கிழித்து விரித்துக் கொடுத்தது யார்?

புரட்டாசி கடைசியில் சாம்பல் தும்ம ஆரம்பித்தது. கண்ணோரம் ஈரம். நான் ஏலக்காய்க் கடையில் பதினெட்டு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறவள். சாம்பிள் நிறுக்கும் பழைய தராசு ஒன்று வீட்டில் இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் சாம்பல் ஹாம்ஸ்டரை இறக்கி, டம்ளர் எடையைக் கழித்துப் பார்த்தேன். வந்த அன்று முப்பத்தெட்டு கிராம் என்று மாடி வீட்டுப் பெண்மணி சொல்லியிருந்தார். இப்போது முப்பத்தொன்று. மகள் அந்த எண்ணைப் பார்த்தாள். அன்று அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கணவரை மிரட்டி, ஜீப்பில் பெட்டியோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஊருக்குப் புதியவர். மூடியைத் திறந்தவர் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, உள்ள ஏலக்காய் போட்டிருக்கீங்களா?"

"ஏலக்காயா? ஒரு காய்கூட இல்ல சார்."

"இவ்வளவு வாசம் அடிக்குதே?"

"எங்களுக்கு ஒண்ணும் அடிக்கலையே," என்றேன். கணவரும் குனிந்து முகர்ந்து, எனக்குச் சாதகமாகத் தலையாட்டினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என் கட்சியில் நின்ற அபூர்வமான இடம் அது. இருவருமே தப்பு.

டாக்டர் துணியை இடுக்கியால் தூக்கி என் முன் நீட்டினார். "இது என்ன துணி?"

அப்போதுதான் உறைத்தது. கடையில் ஏலக்காய் கட்டி வைத்த துணி. எங்கள் ஊரில் பல வீடுகளில் பழைய துணி என்றாலே அதுதான். எத்தனை தண்ணீரில் அலசினாலும் வாசனை போகாது. போய்விட்டதாக எங்களுக்குத் தோன்றும், அவ்வளவுதான். பெட்டிக்குள் அந்தத் துணி. மாலையானால் நாளெல்லாம் காய் அளைந்த என் கை.

"மூக்குதான் இதுகளுக்குக் கண்ணு மாதிரி. நுரையீரலும் ரொம்ப சின்னது. நீங்க ஒரு மாசமா புகையில உக்கார வச்ச மாதிரிதான். வெறும் காகிதம் போதும்மா," என்று மருந்து எழுதிக் கொடுத்தார்.

நிறத்தையும் மணத்தையும் வைத்துக் காயை எடை போடுகிறவள் என்று கடையில் எனக்குப் பெயர். அன்று ஜீப்பில் திரும்பும்போது மருந்துச் சீட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். கணவர் விடுவாரா? "காய் வாசத்துக்கு ஊரே போடிக்கு வருது. உன் எலி மட்டும் வெரசா மதுரைக்கு ஓடப் பாக்குது."

பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்து, வெறும் காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். ஒரு வாரத்தில் தும்மல் நின்றது. தராசு முப்பத்தைந்து காட்டியது. பெட்டிப் பக்கமே வராதே என்று மகள் எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். பத்தாம் நாள் சாம்பல் முதன்முதலாக ஒரு மனிதக் கையில் ஏறியது. என் கையில் அல்ல, மகள் கையிலும் அல்ல. டீ குடித்துக்கொண்டே சும்மா கையைப் பெட்டிக்குள் விட்டிருந்த என் கணவரின் கையில். ஒரு நாள்கூடத் தீனி வைத்திராத கை! "பாத்தியா அப்பு, ஆளைப் பாத்துத்தான் ஏறுது," என்று மகளிடம் பீற்றிக்கொண்டார். அவளுக்கு ஆனந்தம். மதுரைத் தோழிக்கு அன்றே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்குக் கடை ஆறு நாள் லீவு. ஒரு காயைக்கூடத் தொடாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் மாலை கையை வைத்தபோது சாம்பல் வந்து முகர்ந்தது. யோசித்தது. முன்னங்கால் இரண்டையும் என் விரல் மேல் வைத்தது. பின்னங்கால் காகிதத்திலேயே இருந்தது. அவ்வளவுதான். லீவு முடிந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

இன்றும் யாராவது என்னைக் கண்டு ஒதுங்கினால், அவர்களுக்கு என்ன கோளாறு என்று கேட்கும் முன் ஒருமுறை என் கையை முகர்ந்து பார்க்கிறேன். எனக்கு ஒரு வாசமும் தெரிவதில்லை; அன்றும் தெரியவில்லையே, அதனாலேயே அவர்களிடம் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.