வாசலில் குதிரையின் ஷூ

என் ஜட்கா குதிரைக்கு முன்னங்கால் இரண்டும் பலவீனம். குளம்பு சுண்ணாம்பு மாதிரி உதிரும். லாடம் அடித்தால் ஒரு வாரம் நிற்காது. வாணியம்பாடியில் அப்போதே ஆட்டோ பெருகிவிட்டது. லாடம் இல்லாமல் தார் ரோட்டில் ஓட்ட முடியாது. ஓடாத குதிரையை விற்கத்தான் வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.

லாடம் அடிக்கிற பாய் கையை விரித்துவிட்டார்.

"ஆணி எறக்க எடமே இல்லப்பா. ஒரு வருசம் லாடம் இல்லாம உடு. புதுக் குளம்பு எறங்கட்டும்."

"அதுவரிக்கும் வண்டிய யார் இழுக்கறது பாய்?"

"நீ இழு."

என் மனைவி ஷூ கம்பெனியில் தையல் வேலை. கேட்டதும் அவளுக்குக் கோபம்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஷூ தெச்சு அனுப்பறோம். நம்ம குதிரைக்கு இல்லியா?"

குளம்பைக் காகிதத்தில் வைத்து அளவெடுத்தாள். துண்டுத் தோல் கடையில் தடித்த தோல் வாங்கினாள். அடியில் மூன்று அடுக்கு, மேலே வார், பக்கிள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

குதிரை அதை மாட்டிக்கொண்டு பூனை மாதிரி நடந்தது. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சந்தோஷத்தில் மூன்று நாள் கழற்றவே இல்லை. நான்காம் நாள் கழற்றினால் ஒரே நாற்றம். குளம்பு ஊறிப்போயிருந்தது.

"நீ வூட்டுக்குள்ள செருப்போட வர்றியா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்போ அது மட்டும் போட்டுனே தூங்கணுமா?"

அன்றிலிருந்து வண்டி அவிழ்த்ததும் ஷூவையும் கழற்றினேன். காலைத் துடைத்தேன். கொட்டகையில் மணல் போட்டுக் காய வைத்தேன். கொள்ளோடு பச்சையாகக் குதிரை மசால் தழையும் கொடுத்தேன். மாதம் ஒருமுறை பாய் வந்து குளம்பைச் சீவி அரம் போட்டார். ஷூ இரண்டும் வாசலில் எங்கள் செருப்புகளோடு காயும்.

பாய் ஒருநாள் அதைப் பார்த்து நின்றார்.

"விருந்தாளி யாருப்பா? மாமனாரா?"

"எங்கப்பா காலு அவ்ளோ பெருசு இல்ல பாய்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

புதுக் குளம்பு கறுப்பாக, வழவழப்பாக மேலிருந்து இறங்கியது. தினமும் விரல் வைத்து அளப்பேன். பதினோராம் மாதம் தரையைத் தொட்டது.

பாய் முதல் ஆணியை அடித்தார். உதிரவில்லை. எல்லா ஆணியும் அடித்தார்.

"நிக்குதுப்பா."

நான் பீடி பற்றவைத்தேன். பாய்க்கும் ஒன்று நீட்டினேன்.

ஒரு வாரம் போயிற்று. லாடம் அசையவில்லை. எட்டாம் நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற மனைவியைத் தாண்டி ஓட்டினேன். டக்கு டக்கென்று ரோடே கேட்டது. கூட நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஷூவ இன்னா பண்றது?" என்று கத்தினேன்.

"வாசல்லயே இருக்கட்டும்! லாடம் பேஜாரு பண்ணா வேணும்ல!"