ஹ்னியா கை வைத்த கோதுமை

என் அம்மா ஹ்னியா இறந்தபோது கோதுமை கணுக்கால் உயரம். எங்கள் மெக்னெஸ் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் களை பிடுங்கக் கூடையோடு கிளம்பும் பருவம். இங்கே யாருடைய கோதுமைக்குள்ளும் எந்தப் பெண்ணும் இறங்கலாம். பிடுங்கிய களை அவள் மாட்டுக்கு; சுத்தமான வயல் சொந்தக்காரருக்கு. கோதுமைத் தண்டு நீள ஆரம்பித்துவிட்டால் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

சிறு வயதிலேயே விதவையான அம்மா தன் ஒற்றை மாட்டை இப்படித்தான் வளர்த்தார். எங்கள் துண்டு நிலத்தை மற்றப் பெண்கள் அவருக்கே விட்டுவைத்தார்கள்; அங்கே முளைத்ததை அவர் மட்டுமே பிடுங்கினார். அந்த மாட்டின் பாலை விற்று என்னையும் தம்பி ஜீலாலியையும் படிக்க வைத்தார். நான் படித்தது களையியல்.

துக்கச் சாப்பாடு முடிந்த வாரம், ஜீலாலி முதுகில் களைக்கொல்லி டேங்கோடு அம்மாவின் வயலுக்கு வந்தான். பக்கத்து வீட்டுத் தாமு சித்தி வரப்பில் வழிமறித்தார்.

"சுத்துப்பட்டுல எல்லாரும் மருந்து அடிச்சாச்சு. இதுலயும் அடிச்சா என் மாடு உன் டேங்கையா திங்கும்? இப்பத்தான் கன்னு போட்டிருக்கு."

"அம்மா இல்லையே சித்தி. யாரு குனிஞ்சு பிடுங்குவா? களை மூடிட்டா வெளைச்சல் போச்சு."

"அடிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து பாத்துடறேன்டா," என்றேன்.

"பாருக்கா, பாரு. படிச்ச படிப்பு துருப்பிடிச்சிடக் கூடாதுல்ல."

களை எண்ணுவதற்கான சதுர இரும்புச் சட்டத்தை அங்கங்கே தரையில் போட்டு, அதற்குள் முளைத்தவற்றைப் பார்த்தேன். முதலில், பக்கத்தில் தம்பி தனியாகப் பயிரிடும் வயல். மருந்தடித்த பிறகும் ரைகிராஸ் புல் பச்சையாக, அடர்த்தியாக நின்றது. வருடா வருடம் ஒரே மருந்து. சாகாதவை விதைவிட்டுப் பெருகியிருந்தன.

அம்மாவின் வயலில் அந்தப் புல்லைத் தேட வேண்டியிருந்தது. காட்டு ஓட்ஸ், காட்டுக் கடுகு, மாட்டுக்குப் பிடித்த எல்லாமே அங்கொன்றும் இங்கொன்றும்தான். மாடு முகர்ந்து விலக்கும் பாப்பிச் செடி மட்டும் கோதுமைக்குக் கீழே, தரையோடு தரையாகப் பரவிக்கிடந்தது. ஒரு மாட்டின் நாக்கும் ஒரு பெண்ணின் விரல்களும் சேர்ந்து, மண்ணுக்குள் உறங்கும் விதைகளைக்கூட மாற்றியிருந்தன. இப்படி ஒன்றை எந்த ஆய்வு நிலத்திலும் நான் பார்த்ததில்லை.

மேட்டுப் பக்கம் ஏறினேன். ஓரிடத்தில் காட்டு ஓட்ஸ் திடீரென்று நெருக்கமாகத் தொடங்கியது. நடுவில் வரப்பு இல்லை. மண் அதே மண். இடுப்பு வலி வந்த பிறகு அம்மா ஏறாத பகுதி அது. அவர் திரும்பி நடந்த இடம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா?" ஜீலாலி மேலே வந்தான்.

"அம்மா இதுவரைக்கும்தான் வந்திருக்காங்கடா."

அவன் கீழே பார்த்தான், மேலே பார்த்தான்.

"கீழ மருந்தே வேணாம்," என்றேன். "மேல இருக்கறதைக் கையால எடுத்தா போதும்."

"கை யாரோடது?"

"என் கை என்ன வாடகைக்கா போயிருக்கு?" தாமு சித்தி கத்திக்கொண்டே மேட்டில் ஏறினார். "தள்ளுடா, மாடு பசியில அலறுது."

ஜீலாலி டேங்கின் வாரை அவிழ்த்தான். அம்மா நிறுத்திய இடத்திலிருந்து சித்தி குனிந்து பிடுங்கத் தொடங்கினார்.