மண்ணில் மருந்து கண்ட டிஸ்பென்சர் ஐயா

இன்று காலை தலவாக்கலையில் ஹட்டன் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில், எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிஸ்பென்சர் ஐயா.

போனை என்னிடம் நீட்டினார். கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் வேர்மண்ணில் வாழும் பக்டீரியாவிலிருந்து புதிய மருந்துகள் கிடைக்கலாம் என்று ஒரு செய்தி.

"பாத்தியாம்மா? மண்ணுலதான் மருந்தே இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

அப்போது சொன்னது வேறு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுச் சீழ் பிடித்த காலோடு அப்பா மலையிலிருந்து நேராக வந்தபோது, "மண்ணுக் காலோட உள்ள வராத, கிருமி!" என்று வாசலிலேயே நிறுத்தினார். சிவப்பு மருந்தைத் தடவி, "காலைல வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு வந்துரு" என்றார். கேப்சூல் கேட்டதற்கு, "அது ஸ்டாஃப்புக்கு" என்றார்.

அப்பாவுக்குக் கால்விரல் இரண்டு போயின.

"ஆமாங்கய்யா," என்றேன். "ஸ்டாஃப்புக்குன்னு பூட்டி வச்சீங்களே டெட்ராசைக்கிளின் கேப்சூல், அதுவும் மண்ணு பக்டீரியாவுல வந்ததுதாங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹட்டன் வரும்வரை ஜன்னல் வழியாகத் தேயிலையை அப்படி ரசித்தார்.

ஐயா கையால் சிவப்பு மருந்து மட்டும் பூசிக்கொண்டவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். இங்கே மண்ணுக் காலோடு வரலாம்.