ஆவுடையப்பன் தேடிய சூடான சத்தம்

இந்தக் குற்றால சீசன் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம். நல்ல சாரல். ஆவுடையப்பன் குடையை மடக்கிக்கொண்டே என் வீட்டுக்குள் வந்தான். உட்காரவில்லை. காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"ஏலே, ஒரு சத்தத்தைக் கேட்டா அதுல சூடு இருக்கா இல்லையான்னு உனக்குச் சொல்லத் தெரியுமா?"

காபியில் சூடு இருக்கிறதா என்று சொல்லத் தெரியும். சத்தத்தில்?

ஆவுடையப்பன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்திலேயே கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒரே மகன் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் அவனும் மனைவி கோமதியும்தான். நிம்மதியான குடும்பம் – துபாயிலிருந்து மச்சினன் லீவில் வரும் வரைக்கும்.

மச்சினன் எல்லோரையும்போல சென்ட் பாட்டிலும் கைலியும் கொண்டு வந்திருக்கலாம். ஒரு ஹெட்ஃபோன் கொண்டு வந்துவிட்டான். இரண்டு தேங்காய் மூடிகளைக் கம்பியில் கோத்த மாதிரி பெரிய சைஸ். அதை வீட்டு டேப் ரிக்கார்டரில் மாட்டினால் பாட்டு கொசு பாடுகிற மாதிரி கேட்டது. இதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம். அதுவும் பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர். டிரான்சிஸ்டரில் வருகிற சத்தம் குளிர்ந்து கிடக்கும், வால்வில் வருவதுதான் கதகதப்பாக இருக்கும் என்று ஆவுடையப்பன் லைப்ரரியில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருக்கிறான்.

ஊரெல்லாம் வால்வு ரேடியோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, டிரான்சிஸ்டர் வாங்கி, அதுவும் அலுத்து, மொட்டை மாடியில் டிவி ஆண்டெனா நட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஆள் இப்போதுதான் வால்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். வாத்தியார் அல்லவா… எதையும் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டம் முழுக்கக் குளிர்ச்சிக்காக வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே சூடு வேண்டும் என்று அலைந்த ஒரே மனிதன் ஆவுடையப்பன். துணைக்கு நான்!

முதலில் தென்காசி ரத வீதியில் ஒரு ரேடியோ கடை. கடைக்கார அண்ணாச்சி புது மாடல் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்தார். பாட்டுக்கு ஏற்ற மாதிரி பச்சையும் சிவப்புமாக லைட் எம்பி எம்பி எரிந்தது. ஆவுடையப்பன் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினான். மூடிய கண்ணைத் திறக்காமலே உதட்டைப் பிதுக்கினான்.

"பச்சத் தண்ணி மாதிரில்லா இருக்கு."

"சார்வாள், சுத்தமா கேக்கா இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"சுத்தமாத்தான் கேக்கு. சூடு இல்லையே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் லைட்டைப் பார்த்தேன்.

அடுத்தது கீழப்பாவூர். அங்கே கல்யாணம், கோயில் கொடைக்கெல்லாம் மைக் செட் போடுகிற ஒருவர், பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார். டிரங்குப் பெட்டி அளவு இருந்தது. ஆனியில் அதைத் தொட்டால் சித்திரை வெயில் தெரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிய ஆவுடையப்பனுக்கு முகமெல்லாம் பூ. "இதாம்லே!" என்றான். மைக் செட்காரரும் உற்சாகமாகி வழக்கம்போலக் குமிழைத் திருகினார். வழக்கம் என்றால் – நாலு ஊருக்குக் கேட்கிற வழக்கம்.

ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தான். ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். தான் கத்துவது அவனுக்கே கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பெயரை இரண்டு தரம் சொல்லியும் இவன் அசையவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். அத்தோடு விட்டிருப்பான் என்றா நினைக்கிறீர்கள்?

செங்கோட்டையில் ஒருவர். பாதித் தமிழ், பாதி மலையாளம். ஆர்டர் கொடுத்தால் கையால் வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து தருவார். அவரிடம் ஹெட்ஃபோனுக்குத் தோதாக இரண்டு தயாராக இருந்தன. ஒன்று தகரப் பெட்டி. இன்னொன்று தேக்குப் பெட்டி, மேலே இரண்டு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வு மெல்லச் சிவந்து, சூடேறி, அப்புறம் மனது வைத்தால்தான் பாடும்.

ஆவுடையப்பன் அதை மாட்டி இதை மாட்டி, தலையைச் சாய்த்து, தாடையைத் தடவி… பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் கூடப் போயிருந்தேனே!

"தகரப் பெட்டில பாடுறவன் குரல்ல சூடு இருக்கு. ஆனா மிருதங்கம் குளிருது. தேக்குல ரெண்டும் வெதுவெதுன்னு இருக்கு. நீ கேளு."

கேட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் "தேக்குதாம்லே" என்றேன். பசி நேரம்.

"நல்ல சூடுண்டு" என்று ஆமோதித்தார் செங்கோட்டைக்காரர். விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

தேக்குப் பெட்டி தென்காசி வந்து சேர்ந்தது. ஆவுடையப்பன் ஸ்கூல் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவிட்சைப் போடுவான். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடுவான். பாடகர் மூச்சை உள்ளே இழுப்பதுகூடக் கேட்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் மழை வலுத்துவிட்டது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்கக் கோமதி ஓடினாள். புறவாசல் படியில் பாசி. வழுக்கி விழுந்ததில் கணுக்கால் மடங்கிப்போனது. எழுந்திருக்க முடியவில்லை. மழையில் கிடந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள். கத்திக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கத்தவும் முடியாமல் அழுதாள்.

பாடகரின் மூச்சு கேட்ட காதுக்கு இது கேட்கவில்லை.

கேட்டது எதிர்வீட்டு லட்சுமியக்காவுக்கு. தெருவைத் தாண்டி, மழையைத் தாண்டி! அவள் ஓடிவந்து, கோமதியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று உள்ளே போய் ஆவுடையப்பனின் தோளை உலுக்கினாள். அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னானாம்:

"செத்த இரு கோமதி, இப்பந்தான் வால்வு சூடாயிருக்கு."

இதை லட்சுமியக்கா யாரிடமெல்லாம் சொன்னாள் என்று கேட்காதீர்கள். யாரிடம் சொல்லவில்லை என்று கேளுங்கள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் பியூன் டீ கொண்டு வந்தபோது ஒரு சக வாத்தியார், "டீ சூடாயிருக்கான்னு ஆவுடையப்பன் சார்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாராம்.

அந்தக் கேலியெல்லாம் அவனுக்கு உறைக்கவே இல்லை. கோமதி விழுந்த அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பார்த்திருந்தேன். நனைந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே கோமதிக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டன்னு கோமதிட்ட கேட்டேம்லே. சொல்லமாட்டேங்கா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அந்தப் பெட்டிய நாளைக்கே வித்துருதேன்."

எனக்கும் கிண்டல் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவன் செய்த முதல் காரியம், தேக்குப் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியது. கோமதி கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அத அவுத்து இங்கன வையுங்க."

அவிழ்த்து வைத்தான். ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள். வால்வு சூடாகிப் பாட்டு வந்தது. குற்றவாளி மெதுவாகக் கேட்டான். "சூடு தெரியுதா?"

"சூடா? அடியில ம்ம்ம்முன்னு ஒரு இரைச்சல்லா கேக்கு" என்றவள், அதற்கப்புறம் கழற்றவில்லை.

பத்து நாள் கழித்து ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினான். போனேன். தோளில் துண்டு, கையில் கரண்டி. கட்டிலில் கோமதி, தலையணை மேல் கட்டுப் போட்ட கால், காதில் ஹெட்ஃபோன்.

"காலைல மாட்டுனா ராத்திரிதான் கழட்டுதா. ஒரு வார்த்தை கிடையாது. நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் பேசச் சொல்லுலே."

நான் பக்கத்தில் போய் நின்றதும் கோமதி ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

"கோவமெல்லாம் தீந்துட்டு அண்ணாச்சி. ஆனா இந்த வீட்டுல பால் பொங்குனா நாந்தான் கேக்கணும். போஸ்ட்மேன் வந்தா நாந்தான் கேக்கணும். ராத்திரி இவுக இருமுனாலும் நாந்தான் கேக்கணும். கல்யாணம் ஆனதுலேந்து என் காது சும்மா இருந்ததே இல்ல. இப்பம் கொஞ்ச நாள் அவுக கேக்கட்டும்."

அடுக்களையில் ஏதோ தீய்கிற வாசனை. ஆவுடையப்பன் ஓடினான். கோமதி சிரித்துக்கொண்டே மறுபடி ஹெட்ஃபோனுக்குள் போய்விட்டாள்.

போன வாரம் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கோமதி மெல்ல நடக்கிறாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் தேக்குப் பெட்டி அவளுக்கு. அந்த நேரத்தில் அடுக்களை இவனுக்கு. இது யார் போட்ட சட்டம் என்று நான் விசாரிக்கவில்லை.

நேற்று அவன் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பாதிப் பேச்சில் சட்டென்று நிறுத்திக் கையை உயர்த்தினான்.

"உஷ்… குழாய்ல காத்து வருது. இப்பம் தண்ணி வந்துரும்லே" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும்தான் குழாய் இருக்கிறது… காது என் மனைவியிடம் இருக்கிறது!