சுடலைமுத்து அண்ணாச்சி பேசிய இத்தாலிய மொழி

சென்ற திங்கட்கிழமை காலை செம்பூரில் என் வீட்டில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து அண்ணாச்சியின் மனைவி சரசக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எப்போதும் "ஜெயா, சாப்ட்டியா" என்றுதான் தொடங்குவார். அன்று அதைக் கேட்கவில்லை.

"எம்மா, ஒங்க அண்ணாச்சி போயிட்டாவ. டீயக் குடிச்சிட்டு கிளாஸக் கீழ வச்சாவ. அவ்வளவுதான்."

நான் தாராவி போய்ச் சேர்ந்தபோது அந்தச் சந்தில் நிற்க இடமில்லை. யார் யார் கல்யாணத்துக்கு அவர் சமைத்துப் போட்டாரோ அவர்கள், அவருடன் பாத்திரம் தூக்கியவர்கள், ஐரோப்பாவில் அவர் வைத்த ரசத்தைக் குடித்த மாட்டுங்காப் பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அழுகைக்கு நடுவே யாரோ அவரைப் பற்றி ஒன்று சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சரசக்காவும் சிரித்தார். அதனால்தான் இதை எழுதும் துணிவு எனக்கு வந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சி தாராவியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவர். கடைசி மூன்று ஆண்டுகள், நான் வேலை பார்க்கும் சுற்றுலா நிறுவனத்தின் முதியோர் குழுக்களோடு சமையல்காரராக வெளிநாடு போய்வந்தார். அவருடைய கைப்பக்குவத்தை எல்லோரும் அறிவார்கள். நான் சொல்ல விரும்புவது அவருடைய பேச்சைப் பற்றி.

முதல் பயணம் இத்தாலிக்கு என்று முடிவானபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குழுவை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு. எனக்கும் அதுதான் முதல் வெளிநாடு. பாஸ்போர்ட் நகலைக் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்காராமலே கேட்டார்.

"ஜெயாம்மா, அந்த ஊருல என்ன பாஷை?"

"இத்தாலியன், அண்ணாச்சி. நீங்க டென்ஷன் எடுக்காதீங்க. போன்ல பேசினா அதுவே மாத்திச் சொல்லிடும்."

"போனு பேசும். நான் பேசணும்லா."

அப்போதுதான் அவர் தன் பத்தொன்பதாம் வயதில் நடந்ததைச் சொன்னார். நாங்குநேரிப் பக்கமிருந்து தனியாகப் புறப்பட்டு வந்தவர் மாஹிம் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறார். தாராவி அங்கிருந்து நடக்கிற தூரம். யாரிடமும் வழி கேட்க இந்தி தெரியவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை பாலத்தடியில் பெட்டியோடு நின்றிருக்கிறார். கடைசியில் அவர் தனக்குத்தானே முனகிக்கொண்டதைக் கேட்ட ஒரு தமிழ்க்காரர் கூட்டிப் போயிருக்கிறார்.

"தண்ணி வேணும்னு கேக்கக்கூட வாய் வரல. ஊமை மாதிரி நின்னேன். இன்னொரு ஊருல அப்படி நிக்க மாட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. எனக்கே ஒன்றும் தெரியாது. கைப்பேசியில் ஒரு பெண் குரல் சொல்லும். நாங்கள் இருவரும் திருப்பிச் சொல்வோம். மதியம் மூன்று மணிக்கு, பாஸ்போர்ட்டுகள் அடுக்கிய அலமாரி இருக்கும் சின்ன அறையில். நான் வணக்கம், நன்றி, கழிவறை எங்கே என்று தொடங்கினேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் பயணிகளுக்கு. எனக்கு அடுப்புக்கு வேண்டியதச் சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் அவருடைய பட்டியல் உருவானது. சோனோ குவோகோ: நான் சமையல்காரன். போஸ்ஸோ குச்சினாரே க்வி: இங்கே சமைக்கலாமா? புலிஸ்கோ துத்தோ: எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி, தாராவியில் தன் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டினார். மூன்றாவது வாக்கியம் அவருக்கு உடனே மனப்பாடமானது. "புளி கரைச்ச ஏனத்தக் கழுவாம வைக்கலாமா? புளிஸ்கோ. மறக்கவே மறக்காது."

அங்கே அவரிடம் காய் நறுக்கும் பெண்கள் நால்வரும் ஒரு வாரத்தில் "போன்ஜோர்னோ அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். சரசக்கா என்னிடம் புகார் சொன்னார்: "கறிக்கு உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, க்ராட்சியேங்காவ. என்னைய வையுதாவளா, வாழ்த்துதாவளான்னே தெரியல." க்ராட்சியே என்றால் நன்றி.

உச்சரிப்பில் என்னைவிட அவர் தேறிவிட்டார் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் தப்பாகச் சொன்னால் அவர் கைப்பேசியைக் காட்டி, "அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லலையேம்மா" என்பார்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அரிசி வெந்தது, வேகவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக 'கோத்தோ' என்ற சொல்லையும் கேட்டுப் படித்துக்கொண்டார். கோத்தோ என்றால் வெந்தது. குவோகோ என்றால் சமையல்காரன். இரண்டும் அவர் வாயில் இடம் மாறிக்கொண்டே இருந்தன. விமானம் ஏறும்வரை திருத்திப் பார்த்தேன். "அங்க போனா சரியா வந்துரும்மா" என்றார்.

ப்ளாரன்ஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர் விடுதி. பஸ் தாமதமாகி மாலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்; வெயில் இன்னும் இறங்கவில்லை. பயணிகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சமையலறை தருவதாக விடுதி நிர்வாகம் எழுதியிருந்தது. ஆனால் சமையலறைக்குப் பொறுப்பான அம்மாளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. லூச்சியா என்று பெயர், அறுபது வயதிருக்கும். வாசலை அடைத்துக்கொண்டு நின்று, முடியாது என்று தலையை ஆட்டினார். நான் கைப்பேசியை எடுத்தேன்.

அண்ணாச்சி என் கையை மெல்லத் தாழ்த்தினார். "நீங்க நில்லுங்கம்மா. இத நான் கேக்கணும்."

குளிரும் என்று யாரோ பயமுறுத்தியதால் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் குரங்குக் குல்லாவும் மாட்டியிருந்தார். தோளில் அரிசிப் பை. முகமெல்லாம் வியர்வை. இரண்டடி முன்னால் போய், பையை இறக்கி வைத்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:

"போனசேரா. ஸ்கூசி. சோனோ கோத்தோ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாலை வணக்கம், மன்னிக்கணும், நான் வெந்துவிட்டேன் என்கிறார்.

லூச்சியா அம்மாள் அவரைக் குல்லாவிலிருந்து செருப்புவரை பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆன்கியோ" என்று தன்னையும் தொட்டுக் காட்டினார். நானும்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அலுத்துக் களைத்தவர்கள் அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். எங்கள் பஸ் டிரைவர் பிறகு சொல்லித் தெரிந்தது.

தண்ணீரைக் குடித்து முடித்த அண்ணாச்சி, பட்டியலில் மிச்சமிருந்ததை வரிசையாகச் சொன்னார். சமைக்கலாமா என்றார். சுத்தம் செய்துவிடுவேன் என்றார். அந்த அம்மாள் இரண்டு அடுப்புகளைக் காட்டினார். முக்கால் மணி நேரத்தில் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். லூச்சியா அம்மாள் ரசத்தை ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, இருமி, மறுபடியும் குவளையை நீட்டினார். சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி சமையலறைத் தரையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வந்தார்.

முந்தின மாலை வாசலில் அவர் என்ன சொன்னார் என்பதை மறுநாள் காலையில் அவருக்கு விளக்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் பொய் சொல்லலியே ஜெயாம்மா. வெந்துதான போயிருந்தேன்."

அதன்பின் பல பயணங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. புது இடத்தில் இறங்கியதும் துப்புரவு செய்பவர், காய்கறி விற்பவர், காவலாளி என்று ஒருவரையும் விடாமல் பேச்சுக் கொடுப்பார். தப்பாகச் சொன்னதை யாராவது திருத்தினால் அதை ஒரு பரிசுபோல வாங்கிக்கொள்வார். "நீங்க ஏன் பேச மாட்டேங்குறீங்க? தப்பு வந்தா வரட்டும், சலேகா, பரவாயில்ல" என்று பயணிகளையும் சீண்டுவார்.

அவருடன் கடைசியாகப் போனது இந்த ஆண்டு மே மாதம், மறுபடியும் இத்தாலிக்கு, ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு. மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த விஸ்வநாதன் சாருக்கு விடாத இருமல். நான் அறைச் சாவிகளோடு போராடிக்கொண்டிருந்தேன்.

"வாங்க சார், மருந்து நான் கேட்டு வாங்கித் தாரேன்" என்றார் அண்ணாச்சி. கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடிக் கேட்டவர், திரும்பி என்னைப் பார்த்து, "இங்கன இருமலுக்குப் பேரு தோஸ்ஸேயாம்லா. இந்தத் தோசைக்குச் சட்னி கிடையாது சார்" என்றார். இருமிக்கொண்டே விஸ்வநாதன் சாரும் சிரித்தார்.

விடுதி மாடியிலிருந்து பார்த்தேன். அண்ணாச்சி முன்னால் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் "ஆ லா தோஸ்ஸே, ஆ லா தோஸ்ஸே", அவருக்கு இருமல், அவருக்கு இருமல் என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் சட்டை நுனியைப் பிடித்தபடி பின்னால் விஸ்வநாதன் சார். தெருவுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவை அண்ணாச்சி தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தார். முழுதாக உள்ளே போவதற்கு முன்பே அவர் வணக்கம் சொன்னது மாடிவரை கேட்டது.

அண்ணாச்சி, நீங்கள் போயிருக்கும் இடத்தில் என்ன பேசுவார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் வாசலில் பேசாமல் நிற்கிற ஆளில்லை நீங்கள். போய் வாருங்கள்.