கிணற்றில் விட்ட சங்கிலி

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 27, சனிக்கிழமை, மாலை மணி நான்கு இருபது. காலையிலிருந்து ஓர் இலை அசையவில்லை. சித்தேரி மலைக்கு மேல் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் மட்டும் வெயில் காய்ந்தது. அந்த நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று என் மகன் கேட்பான். மாமாவின் கைக்கடிகாரம் அதில்தான் நின்றது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமையானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடத்தூருக்கு அருகிலிருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிடுவார். பையில் எனக்குத் தின்பண்டம் இருக்காது, ஒரு கண்ணாடிச் சீசா இருக்கும். அதன் உள்ளும் புறமும் ஈயத்தாள் ஒட்டி, மூடியில் ஓர் ஆணியைச் செருகியிருப்பார். கண்ணாடிக் குழாயைப் பட்டுத்துணியால் தேய்த்துத் தேய்த்து ஆணியில் தொட்டால் சீசாவுக்குள் மின்சாரம் சேரும். இருநூறு வருடங்களுக்கு முன் மின்சாரத்தைப் படிக்கத் தொடங்கியவர்களிடம் இதைவிடப் பெரிய கருவி இல்லை என்பார். பிறகு எங்களை வரிசையாகக் கைகோக்கச் சொல்வார். ஒரு கடைசியில் நிற்பவர் சீசாவைப் பிடிக்க, மறுகடைசியில் நிற்பவர் ஆணியைத் தொட, அம்மா, அக்கா, நான், பண்ணையாள் எல்லோரும் ஒரே நொடியில் துள்ளுவோம். அப்பா மட்டும் கைகொடுக்க மாட்டார். "எனக்கு வேற வேல இல்லயா மாப்ள?" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்.

அதற்கு முந்தைய கோடையில் எங்கள் தென்னையில் இடி விழுந்து, அதன் கீழே கட்டியிருந்த இரண்டு எருதுகளும் செத்திருந்தன. இடி இடித்தால் கடப்பாரையை வாசலில் வீசி, அர்ச்சுனன் பெயரைச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அன்றைக்கும் வீசித்தான் இருந்தாள். ஒரு வருடம் கழித்தும் அவளால் அதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. "அர்ச்சுனனுக்கும் நம்மளக் கண்ணு தெரியல" என்பாள்.

எருதுகள் செத்த பிறகுதான் மாமா கப்பல் கதையைச் சொன்னார். பாய்மரக் கப்பல் நடுக்கடலில் போகும்போது அதைவிட உயரமாக அங்கே எதுவும் இல்லை. இடி நேராகப் பாய்மரத்தில் இறங்கும். மரம் பிளக்கும், பாய் எரியும், ஆள் சாவான். அதனால் மரத்தின் உச்சியிலிருந்து கடலுக்குள் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டார்கள். வந்த இடி சங்கிலி வழியாகத் தண்ணீருக்குள் போய்விடும். ஆனால் சங்கிலி காலில் இடறுகிறது, கயிற்றில் சிக்குகிறது என்று மாலுமிகள் அதைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிடுவார்களாம்.

"மேகத்தப் பாத்ததும் மாட்டிக்கலாம்னு நெனப்பானுங்க. மேகம் வந்தப்புறம் மரத்துல ஏறி மாட்டப் போனவன்தான் மொதல்ல செத்தான். கடைசியில ஒருத்தன், மரத்துலயே செம்புப் பட்டைய நெரந்தரமா அடிச்சு வெச்சான். அதுக்கே கப்பல்படைக்காரனுங்க வருஷக்கணக்கா ஒத்துக்கல."

"அப்போ நீயும் செம்புப் பட்டையே அடியேன்" என்றார் அப்பா.

"செம்பு விக்கிற வெலைக்கு உங்க தோட்டத்தையே விக்கணும் மச்சான். சங்கிலி போதும்."

தை மாதத்தில் அது நடந்தது. கிணற்றோரத்தில் மிஞ்சியிருந்த தென்னையின் உச்சிக்கு ஆள் ஏற்றி, இரும்புக் கம்பி ஒன்றை நிறுத்தினார். அதிலிருந்து சங்கிலியை மரத்தோடு இறக்கி, கிணற்றுக்குள் விட்டார். தென்னை பாய்மரம், கிணறு கடல். கிணறு அப்போது நிறைந்து கிடந்தது. சங்கிலியின் நுனி நான்கு அடி தண்ணீருக்குள் இருந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. வீட்டையே கப்பலாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

கடல் வற்றாது. எங்கள் கிணறு வற்றும். மாமா படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பங்குனி பிறந்ததும் தண்ணீர் படிப்படியாக இறங்கத் தொடங்கியது. மாமா கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்.

"மச்சான், இதுக்குக் கீழ எறைக்காதீங்க. நுனி தண்ணியத் தொடாம தொங்குனா, இடிய நாமளே கூப்புட்டு வூட்டு வாசல்ல நிறுத்தி வெச்ச மாதிரி."

"கோட்டுக்குக் கீழ எறைக்காம மொளகாச் செடிக்கு உங்கப்பனா தண்ணி ஊத்துவான்?"

"அப்போ இன்னும் பத்தடி சங்கிலி வாங்கிக் குடுங்க."

"மொளகா வித்ததும் வாங்கிக்கலாம். சங்கிலியா வாடுது? செடி வாடுது மாப்ள."

அப்பா சொன்னதும் பொய்யில்லை. ஒன்றரை ஏக்கர் மிளகாய் காய் பிடித்து நின்றது. அதை விற்றுத்தான் செத்த எருதுகளுக்குப் பதிலாக வாங்கிய புது ஜோடியின் கடனை அடைக்க வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் எல்லாம் போய்விடும். கம்பியையாவது கழற்றிவிடலாம் என்று மாமா பார்த்தார். மரமேறுகிறவர் தீர்த்தமலைக்கு வேண்டுதல் என்று போனவர் திரும்பி வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது தண்ணீர் கோட்டைத் தாண்டி ஆளுயரம் கீழே போயிருந்தது. சங்கிலியின் நுனி காற்றில் தொங்கியது. அவர் சோற்றைப் பிசைந்தபடி மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு முதல் இடி தொலைவில் உருண்டது. மாமா மாட்டுக் கொட்டகைக்குள் போய், செத்த எருதுகளைக் கட்டிவந்த சங்கிலிகள் இரண்டையும் ஆணியிலிருந்து எடுத்தார்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"ரெண்டையும் கோத்துவிட்டா நுனி தண்ணியத் தொட்டுரும். அஞ்சு நிமிஷம்க்கா."

"வுடு மாப்ள, இது பேஞ்சு கெடுக்கற மேகமா?" என்றார் அப்பா வரப்பிலிருந்து.

"பேயாதுங்க மச்சான். அடிக்கும்."

மாமா கிணற்றின் கற்படிகளில் இறங்கினார். அம்மா கடப்பாரையைத் தூக்கி வாசலில் எறிந்தாள். அது கல்லில் பட்டுக் கணீரென்றது. அந்த ஒலி அடங்குவதற்குள் எல்லாம் வெளுத்துப்போயிற்று. சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தென்னை உச்சியில் புகை வந்தது, அவ்வளவுதான் தெரியும். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது எருதுகள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

ஆட்கள் ஓடிவந்து கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மாமா கடைசிப் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் மேலிருந்து வந்த சங்கிலி, ஒரு கையில் எருதுகளின் சங்கிலி. கோக்கவில்லை. "தொடாதீங்க, உள்ள இன்னும் ஓடும்" என்று யாரோ கத்தினார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அப்பாதான் இறங்கினார். சங்கிலியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாமாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அப்பா அவருக்குக் கைகொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போது அப்பா துள்ளுவார், இப்போது துள்ளுவார் என்று நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் துள்ளவில்லை. மாமாவின் சீசாவில் மின்சாரம் தீர்ந்துபோனால் இப்படித்தான் இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் வாயிலேயே அடித்தாள்.

அன்று இரவு மழை பிடித்தது. பிறகு பத்து நாள் விட்டு விட்டுப் பெய்தது. மிளகாய் மொத்தமும் அழுகியது. கிணறு ஏறி, சுண்ணாம்புக் கோடும் முழுகிப்போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா கடத்தூருக்குப் போய், சாக்கில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தார். புதுச் சங்கிலி. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, பழைய சங்கிலியின் நுனியைத் தேடிப் பிடித்து, அதில் இதைக் கோத்தார். தண்ணீருக்குள் இருந்த நுனிக்கு மேலும் சங்கிலி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"இப்பத்தான் தொடுதே, அப்பா?"

"இருக்கட்டும்" என்றார். முகத்தைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். குளிக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் மாமா சொன்னதை அப்பா கேட்டுவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரும் சனிக்கிழமை சைக்கிள் மணி கேட்டதும் முதலில் இதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஓடிப்போய் வாசலில் நின்றேன்.

பத்து அடி. அடி ஒன்றே கால் ரூபாய். பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.